தெவெனின் தேற்றம்

தெவெனின் தேற்றம் என்பது மின்சுற்றுக் கோட்பாட்டின் அடிப்படைத் தேற்றங்களுள் ஒன்றாகும். மின்னழுத்த மூலங்கள், மின்னோட்ட மூலங்கள், மின்தடையங்கள் ஆகியவற்றால் ஆன எந்தவொரு நேரியல் மின்சுற்றையும், அதன் இரண்டு முனைகளிலிருந்து நோக்கும்போது, ஒரே ஒரு மின்னழுத்த மூலமும் அதனுடன் தொடராக இணைந்த ஒரே ஒரு மின்தடையமும் கொண்ட சுற்றாகக் கருதலாம் என்பதே இத்தேற்றத்தின் சாரம். இவ்வாறு பெறப்படும் எளிய சுற்று தெவெனின் சமானச் சுற்று எனப்படும்.

பிரான்சு நாட்டுத் தந்திப் பொறியாளரான லியோன் சார்லஸ் தெவெனின் 1883 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். செருமானிய அறிவியலாளர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதே முடிவை 1853 ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தமையால், சில நூல்களில் இது ஹெல்ம்ஹோல்ட்ஸ்-தெவெனின் தேற்றம் எனவும் குறிக்கப்படுகின்றது. மின்னழுத்த மூலத்துக்குப் பதிலாக மின்னோட்ட மூலத்தைக் கொண்டு கூறப்படும் இதன் இணை வடிவம் நார்ட்டன் தேற்றம் ஆகும்.

தேற்றத்தின் தேவை

பல மூலங்களும் பல மின்தடையங்களும் கொண்ட ஒரு சுற்றை ஓம் விதி, கிர்க்காஃப் விதிகள் ஆகியவற்றைக் கொண்டு முழுமையாகத் தீர்க்க முடியும். ஆனால் கிளைகள் கூடக்கூட, ஒருங்கே தீர்க்க வேண்டிய சமன்பாடுகளின் எண்ணிக்கையும் கூடும். அதன் பின்னர் சுற்றில் ஒரேயொரு மின்தடையத்தின் மதிப்பு மாறினாலும் கணக்கு முழுவதையும் மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.

நடைமுறையில் ஒரு சுற்றின் பெரும்பகுதி மாறாமல் இருக்க, அதனுடன் இணைக்கப்படும் ஒரு பகுதி மட்டும் மாறுவதே பெரும்பாலும் காணப்படும் நிலையாகும். மின்கல அடுக்கு அப்படியே இருக்க, அதனுடன் இணைக்கப்படும் விளக்கு மாறுகின்றது. மிகைப்பி அப்படியே இருக்க, ஒலிபெருக்கி மாறுகின்றது. மாறும் இப்பகுதி சுமை எனப்படும். மாறாத பகுதியை ஒருமுறை மட்டும் சுருக்கி வைத்துக்கொண்டால், எந்தச் சுமைக்கும் உரிய மின்னோட்டத்தை ஒரே வகுத்தலில் கண்டறியலாம்.

இதனைவிட முதன்மையான இன்னொரு பயனும் உண்டு. பல வேளைகளில் சுற்றின் உட்பகுதி எவ்வாறு அமைந்துள்ளது என்பது தெரிவதில்லை. மூடி ஒட்டப்பட்ட மின்கலம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆயினும் உள்ளிருப்பது நேரியல் சுற்று எனில், வெளியிலுள்ள இரு முனைகளில் செய்யப்படும் இரண்டே அளவீடுகள் அதன் வெளி நடத்தையை முற்றாக வரையறுத்து விடுகின்றன.

தேற்றக் கூற்று

நேரியல் உறுப்புகளாலும் மூலங்களாலும் ஆன ஒரு சுற்றின் க, ங என்னும் இரண்டு முனைகளைக் கொள்வோம். அம்முனைகளில் இணைக்கப்படும் எந்தச் சுமையைப் பொறுத்தமட்டிலும், அச்சுற்று பின்வரும் இரண்டு உறுப்புகளின் தொடரிணைப்புக்குச் சமானமாகும்.

1. தெவெனின் அழுத்தம்: சுமை எதுவும் இணைக்கப்படாதபோது க, ங முனைகளுக்கு இடையே தோன்றும் மின்னழுத்தம். இது திறந்த சுற்று மின்னழுத்தம் எனவும் வழங்கும்.

2. தெவெனின் தடை: சுற்றினுள் உள்ள சாராமூலங்கள் அனைத்தையும் செயலிழக்கச் செய்தபின் க, ங முனைகளுக்கு இடையே காணப்படும் மின்தடை.

ஒரு மின்னழுத்த மூலத்தைச் செயலிழக்கச் செய்தல் என்பது அதன் அழுத்தத்தைச் சுழியாக்குவதாகும். அதாவது அதன் இடத்தில் ஒரு கம்பியை இணைப்பதற்கு ஒப்பாகும். மின்னோட்ட மூலத்தைச் செயலிழக்கச் செய்தல் என்பது அதன் மின்னோட்டத்தைச் சுழியாக்குவதாகும். அதாவது அதனைச் சுற்றிலிருந்து கழற்றி, அவ்விடத்தைத் திறந்து விடுவதற்கு ஒப்பாகும். இவ்விரண்டையும் மாற்றிச் செய்தல் தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பொதுவான பிழையாகும்.

சுமையின் மின்தடை தெரிந்தால், அதன் வழியே செல்லும் மின்னோட்டம் கீழ்க்காணும் வாய்பாட்டால் கிடைக்கும்:

சுமை மின்னோட்டம் = தெவெனின் அழுத்தம் ÷ (தெவெனின் தடை + சுமைத் தடை)

தெவெனின் தடையைக் காணும் முறைகள்

தெவெனின் தடையைக் கணிக்க மூன்று முறைகள் வழக்கில் உள்ளன.

முதல் முறை, மேலே கூறியவாறு மூலங்களைச் செயலிழக்கச் செய்து, எஞ்சிய மின்தடையங்களைத் தொடராகவும் பக்கமாகவும் சேர்த்துச் சுருக்குவதாகும். சுற்றில் சார்பு மூலங்கள் இல்லாதபோது இதுவே எளிய முறையாகும்.

இரண்டாம் முறையில், க, ங முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் அக்கம்பி வழியே செல்லும் குறுக்குச் சுற்று மின்னோட்டம் கணிக்கப்படுகின்றது. திறந்த சுற்று மின்னழுத்தத்தைக் குறுக்குச் சுற்று மின்னோட்டத்தால் வகுத்தால் தெவெனின் தடை கிடைக்கும்.

மூன்றாம் முறையில், சாராமூலங்கள் செயலிழக்கச் செய்யப்பட்ட பின், க, ங முனைகளில் ஒரு சோதனை மின்னழுத்தம் தரப்பட்டு, உள்ளே செல்லும் மின்னோட்டம் காணப்படுகின்றது. இவற்றின் விகிதமே தெவெனின் தடையாகும். சார்பு மூலங்கள் உள்ள சுற்றுகளுக்கு இது பொருத்தமானது.

எடுத்துக்காட்டு 1: மூன்று மின்தடையங்கள் கொண்ட சுற்று

12 வோல்ட் மின்னழுத்த மூலம் ஒன்றின் நேர் முனையிலிருந்து 6 கிலோஓம் மின்தடையம் (த1) ஒரு கணுவுக்குச் செல்கின்றது. அக்கணுவிலிருந்து 3 கிலோஓம் மின்தடையம் (த2) மூலத்தின் எதிர் முனைக்குத் திரும்புகின்றது. அதே கணுவிலிருந்து 2 கிலோஓம் மின்தடையம் (த3) க என்னும் வெளிமுனைக்குச் செல்கின்றது. மூலத்தின் எதிர் முனையே ங என்னும் வெளிமுனை.

சுமை இல்லாதபோது த3 வழியே மின்னோட்டம் இல்லை. எனவே அதன் குறுக்கே மின்னழுத்த வீழ்ச்சியும் இல்லை. க முனையில் காணப்படுவது த2-இன் குறுக்கேயுள்ள மின்னழுத்தமே.

தெவெனின் அழுத்தம் = 12 × 3 ÷ (6 + 3) = 4 வோல்ட்

மூலத்தைச் செயலிழக்கச் செய்தால் த1, த2 ஆகிய இரண்டும் பக்க இணைப்பாகின்றன. அவற்றின் தொகுபயன் மின்தடை 2 கிலோஓம். அதனுடன் த3 தொடராக உள்ளது.

தெவெனின் தடை = 2 + 2 = 4 கிலோஓம்

ஆகவே இச்சுற்று வெளியிலிருந்து பார்ப்பதற்கு 4 வோல்ட் மூலமும் 4 கிலோஓம் மின்தடையமும் மட்டுமே கொண்டது போன்றது. வெவ்வேறு சுமைகளுக்கான விடைகள் இப்போது உடனே கிடைக்கின்றன:

1 கிலோஓம் சுமை: மின்னோட்டம் 0.8 மில்லிஆம்பியர், மின்னழுத்தம் 0.8 வோல்ட், திறன் 0.64 மில்லிவாட்
4 கிலோஓம் சுமை: மின்னோட்டம் 0.5 மில்லிஆம்பியர், மின்னழுத்தம் 2 வோல்ட், திறன் 1 மில்லிவாட்
12 கிலோஓம் சுமை: மின்னோட்டம் 0.25 மில்லிஆம்பியர், மின்னழுத்தம் 3 வோல்ட், திறன் 0.75 மில்லிவாட்

4 கிலோஓம் சுமைக்கான விடையை மூலச் சுற்றிலிருந்தே சரிபார்க்கலாம். த3-உம் சுமையும் சேர்ந்து 6 கிலோஓம். அது த2-உடன் பக்க இணைப்பில் 2 கிலோஓம். த1-ஐயும் சேர்த்தால் மொத்தம் 8 கிலோஓம். மூலத்திலிருந்து வரும் மின்னோட்டம் 1.5 மில்லிஆம்பியர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.5 மில்லிஆம்பியர், சுமைக்குச் செல்கின்றது. இரு வழிகளும் ஒரே விடையையே தருகின்றன.

எடுத்துக்காட்டு 2: சமனற்ற வீட்ஸ்டன் சமனச்சுற்று

வீட்ஸ்டன் சமனச்சுற்று சமநிலையில் இல்லாதபோது, கால்வனாமீட்டர் வழியே செல்லும் மின்னோட்டத்தைத் தொடர், பக்க இணைப்புச் சுருக்கங்களால் மட்டும் காண முடியாது. தெவெனின் தேற்றத்தின் வசதி இங்கு தெளிவாகப் புலப்படும்.

மூலம் 10 வோல்ட் என்க. இடக்கிளையில் மேலே 200 ஓம், கீழே 300 ஓம். வலக்கிளையில் மேலே 300 ஓம், கீழே 200 ஓம். கால்வனாமீட்டரைக் கழற்றிவிட்டால், இடக்கிளையின் நடுப்புள்ளி 6 வோல்ட்டிலும் வலக்கிளையின் நடுப்புள்ளி 4 வோல்ட்டிலும் இருக்கும். எனவே தெவெனின் அழுத்தம் 2 வோல்ட்.

மூலத்தின் இடத்தில் கம்பியை இட்டால், ஒவ்வொரு கிளையிலும் 200 ஓமும் 300 ஓமும் பக்க இணைப்பாகி 120 ஓம் தருகின்றன. இரண்டும் தொடராகி, தெவெனின் தடை 240 ஓம் ஆகின்றது. கால்வனாமீட்டரின் மின்தடை 160 ஓம் எனில் மின்னோட்டம் 2 ÷ 400 = 5 மில்லிஆம்பியர். அதனை அகற்றி 10 ஓம் கால்வனாமீட்டரை இணைத்தால் 2 ÷ 250 = 8 மில்லிஆம்பியர். கருவி மாறியதற்காகச் சமனச்சுற்றை மீண்டும் தீர்க்க வேண்டியதில்லை.

நிறுவல்

இத்தேற்றத்தை மேற்பொருந்துதல் தத்துவத்தைக் கொண்டு நிறுவலாம். சுமையின் வழியே செல்லும் மின்னோட்டம் ஓ என்க. சுமையை அகற்றிவிட்டு, அதே ஓ அளவு மின்னோட்டத்தை இழுக்கும் ஒரு மின்னோட்ட மூலத்தை அம்முனைகளில் இணைத்தால், சுற்றின் உட்பகுதியிலுள்ள மின்னழுத்தங்களும் மின்னோட்டங்களும் மாறாது.

இப்போது முழுச்சுற்றும் நேரியல் சுற்றாக இருப்பதால், முனை மின்னழுத்தத்தை இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகையாக எழுதலாம். உட்புற மூலங்கள் மட்டும் செயல்பட்டு, வெளி மின்னோட்டம் சுழியாக இருக்கும்போது கிடைப்பது முதற்பகுதி. இது திறந்த சுற்று மின்னழுத்தமே. உட்புற மூலங்கள் செயலிழந்து, வெளி மின்னோட்ட மூலம் மட்டும் செயல்படும்போது கிடைப்பது இரண்டாம் பகுதி. மின்னோட்டம் வெளியே இழுக்கப்படுவதால் இது எதிர்க்குறியுடன் ஓ × தெவெனின் தடை ஆகும். எனவே,

முனை மின்னழுத்தம் = தெவெனின் அழுத்தம் − (ஓ × தெவெனின் தடை)

ஒரு மின்னழுத்த மூலமும் ஒரு மின்தடையமும் தொடராக இணைந்த சுற்றின் சமன்பாடும் இதுவே. வரைபடத்தில் இது ஒரு நேர்கோடு. ஒரு நேர்கோட்டை வரையறுக்க இரண்டு புள்ளிகள் போதும் என்பதனாலேயே, உட்பகுதி அறியப்படாத சுற்றுக்கு இரண்டு அளவீடுகள் போதுமானவையாக உள்ளன.

இந்நிறுவலில் சுமை நேரியலாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடு எங்கும் வரவில்லை. சுருக்கப்படும் பகுதி நேரியலாக இருந்தால் போதும். எடுத்துக்காட்டாக, முதல் எடுத்துக்காட்டிலுள்ள சுற்றில் சுமையாக ஒரு சிலிக்கான் டையோடை இணைத்து, அதன் குறுக்கே 0.7 வோல்ட் வீழ்ச்சி எனக் கொண்டால், மின்னோட்டம் (4 − 0.7) ÷ 4 = 0.825 மில்லிஆம்பியர் ஆகும்.

நார்ட்டன் சமானச் சுற்று

அதே சுற்றை ஒரு மின்னோட்ட மூலமும் அதனுடன் பக்க இணைப்பில் உள்ள ஒரு மின்தடையமும் கொண்டதாகவும் கருதலாம். மின்னோட்ட மூலத்தின் மதிப்பு குறுக்குச் சுற்று மின்னோட்டம் ஆகும். மின்தடை தெவெனின் தடையே. முதல் எடுத்துக்காட்டில் நார்ட்டன் மின்னோட்டம் 4 ÷ 4 = 1 மில்லிஆம்பியர்.

ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுதல் மூல மாற்றம் எனப்படும். பல மூலங்கள் பக்க இணைப்பில் உள்ளபோது இது பெரிதும் உதவுகின்றது. 12.6 வோல்ட் மின்னியக்கு விசையும் 0.1 ஓம் அகத்தடையும் கொண்ட மின்கல அடுக்கு ஒன்று, 12.0 வோல்ட்டும் 0.2 ஓமும் கொண்ட இன்னொன்றுடன் பக்கமாக இணைக்கப்படுகின்றது எனக் கொள்வோம். இவற்றின் நார்ட்டன் மின்னோட்டங்கள் முறையே 126 ஆம்பியர், 60 ஆம்பியர். கூட்டினால் 186 ஆம்பியர். மின்தடைகள் பக்க இணைப்பில் 1/15 ஓம். எனவே இரண்டும் சேர்ந்து 12.4 வோல்ட் அழுத்தமும் 1/15 ஓம் அகத்தடையும் கொண்ட ஒரே மின்கல அடுக்காகச் செயல்படும்.

முனைகளுக்கு இடையே மின்தடையே இல்லாத இலட்சிய மின்னழுத்த மூலத்துக்கு நார்ட்டன் சமானம் இல்லை. அவ்வாறே இலட்சிய மின்னோட்ட மூலத்துக்குத் தெவெனின் சமானம் இல்லை.

சார்பு மூலங்கள் உள்ள சுற்றுகள்

திரிதடையம், செயல்பாட்டு மிகைப்பி போன்றவற்றின் மாதிரிகளில், சுற்றின் வேறோர் இடத்திலுள்ள மின்னழுத்தத்தையோ மின்னோட்டத்தையோ பொறுத்து அமையும் சார்பு மூலங்கள் இடம்பெறும். தெவெனின் தடையைக் கணிக்கும்போது இவற்றைச் செயலிழக்கச் செய்தல் கூடாது. அவை சுற்றின் இயல்பிலேயே அடங்கியவை.

க, ங முனைகளுக்கு இடையே 1 கிலோஓம் மின்தடையமும், அதன் மின்னோட்டத்தைப் போல் 3 மடங்கு மின்னோட்டத்தைக் க முனையிலிருந்து ங முனைக்கு இழுக்கும் சார்பு மூலமும் பக்கமாக உள்ளன என்க. 1 வோல்ட் சோதனை அழுத்தம் தந்தால் மின்தடையத்தில் 1 மில்லிஆம்பியர், சார்பு மூலத்தில் 3 மில்லிஆம்பியர், மொத்தம் 4 மில்லிஆம்பியர். எனவே தெவெனின் தடை 250 ஓம். உள்ளே 1 கிலோஓம் மின்தடையம் மட்டுமே இருந்தும், வெளியே அது நான்கில் ஒரு பங்காகத் தோன்றுகின்றது. சார்பு மூலத்தின் திசையை மாற்றினால் மொத்த மின்னோட்டம் −2 மில்லிஆம்பியராகி, தெவெனின் தடை −500 ஓம் என எதிர்மதிப்பைப் பெறும். இவ்வாறான எதிர்த்தடை அலைவியற்றிகளில் பயன்படுகின்றது.

மாறுதிசைச் சுற்றுகள்

மின்தேக்கி, மின்தூண்டி ஆகியவை உள்ள மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளுக்கும் இத்தேற்றம் பொருந்தும். அங்கு மின்தடைக்குப் பதிலாக மின்னெதிர்ப்பும், அழுத்தத்துக்குப் பதிலாக அதன் வீச்சையும் கட்டத்தையும் குறிக்கும் சிக்கலெண்ணும் பயன்படுத்தப்படுகின்றன. மின்னெதிர்ப்பு அதிர்வெண்ணைச் சார்ந்தது. எனவே 50 ஏர்ட்சு அதிர்வெண்ணுக்குக் கணித்த சமானச் சுற்றை வேறோர் அதிர்வெண்ணுக்கு அப்படியே பயன்படுத்த இயலாது.

தேற்றத்தின் வரம்புகள்

சமானம் என்பது இரு முனைகளுக்கு வெளியே மட்டுமே உண்மையாகும். உள்ளே நிகழ்வதைப் பற்றிச் சமானச் சுற்று எதுவும் கூறுவதில்லை. இதனை மறந்து, சமானச் சுற்றிலிருந்து திறன் இழப்பைக் கணிப்பது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

முதல் எடுத்துக்காட்டில் சுமை இணைக்கப்படாதபோது தெவெனின் சமானச் சுற்றில் மின்னோட்டமே இல்லை. செலவாகும் திறன் சுழி. ஆனால் உண்மைச் சுற்றில் த1, த2 வழியே மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கின்றது. மூலம் 16 மில்லிவாட் திறனை வழங்குகின்றது. 4 கிலோஓம் சுமையை இணைக்கும்போது சமானச் சுற்றின்படி மூலம் தருவது 2 மில்லிவாட், சுமை பெறுவது 1 மில்லிவாட்; பயனுறுதிறன் 50 விழுக்காடு எனத் தோன்றும். உண்மையில் மூலம் தருவது 18 மில்லிவாட். பயனுறுதிறன் 6 விழுக்காட்டுக்கும் குறைவு. மின்கலத்தால் இயங்கும் கருவி ஒன்றை வடிவமைப்பவர் முதல் எண்ணை நம்பினால், மின்கலம் எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் தீர்ந்துவிடும்.

பக்கமாக இணைக்கப்பட்ட இரண்டு மின்கல அடுக்குகளிலும் இதே நிலை உள்ளது. வெளியே சுமை இல்லாதபோதும், 12.6 வோல்ட் அடுக்கிலிருந்து 12.0 வோல்ட் அடுக்குக்கு 2 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும். சமானச் சுற்றில் இது தெரிவதே இல்லை.

ஏனைய வரம்புகள் வருமாறு:

சுருக்கப்படும் பகுதி நேரியலாக இருக்க வேண்டும். மின்கலம், மிகைப்பி போன்றவை குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே ஏறத்தாழ நேரியலாக நடந்துகொள்கின்றன.

சுருக்கப்படும் பகுதிக்கும் சுமைக்கும் இடையே அவ்விரு முனைகளைத் தவிர வேறு தொடர்பு இருத்தல் கூடாது. சுமையிலுள்ள ஒரு மின்னோட்டத்தால் கட்டுப்படுத்தப்படும் சார்பு மூலம் உள்ளே இருந்தாலோ, இரு பகுதிகளுக்கும் இடையே காந்தப் பிணைப்பு இருந்தாலோ தேற்றத்தை நேரடியாகப் பயன்படுத்த முடியாது.

பயன்பாடுகள்

மின்கலத்தின் நிலையை அறிதல்

1.5 வோல்ட் மின்கலம் ஒன்றைச் சுமையின்றி வோல்ட்மீட்டரால் அளந்தால் 1.5 வோல்ட் காட்டுகின்றது. 10 ஓம் மின்தடையத்தை இணைத்து அளந்தால் 1.25 வோல்ட் காட்டுகின்றது எனக் கொள்வோம். அப்போது மின்னோட்டம் 0.125 ஆம்பியர், அகத்தில் வீழ்ந்தது 0.25 வோல்ட், எனவே அகத்தடை 2 ஓம். மின்கலம் பழையதாகும்போது அதன் அகத்தடை உயர்கின்றது. இதனால், சுமையின்றி அளக்கும்போது நல்ல நிலையில் இருப்பதுபோல் தோன்றும் மின்கலம், கைவிளக்கில் இட்டவுடன் மங்கலாக எரியலாம்.

அகத்தடையைக் காண மின்கலத்தின் முனைகளை நேரடியாகக் கம்பியால் இணைத்தல் ஆபத்தானது. 12 வோல்ட் ஊர்தி மின்கல அடுக்கின் அகத்தடை 0.01 ஓம் எனில், குறுக்குச் சுற்று மின்னோட்டம் 1200 ஆம்பியர் ஆகும். கம்பி உருகவும் மின்கலம் வெடிக்கவும் இது போதுமானது. ஆகவே அளவீட்டின்போது குறுக்குச் சுற்றுக்குப் பதிலாக, மதிப்பு தெரிந்த ஒரு மின்தடையமே சுமையாகப் பயன்படுத்தப்படுகின்றது.

அளவீட்டுப் பிழை

வோல்ட்மீட்டரும் ஒரு சுமையே. 12 வோல்ட் மூலத்துடன் தொடராக உள்ள இரண்டு 1 மெகாஓம் மின்தடையங்களுள் ஒன்றின் குறுக்கே உள்ள மின்னழுத்தம் 6 வோல்ட். அம்முனைகளில் தெவெனின் தடை 500 கிலோஓம். 10 மெகாஓம் உள்தடை கொண்ட எண்முறை மல்டிமீட்டர் அங்கு ஏறத்தாழ 5.71 வோல்ட் காட்டும். வோல்ட்டுக்கு 20,000 ஓம் எனக் குறிக்கப்பட்ட முள் காட்டியுடைய மீட்டரை 10 வோல்ட் எல்லையில் வைத்து அளந்தால், அதன் உள்தடை 200 கிலோஓம் மட்டுமே ஆதலால், அது ஏறத்தாழ 1.71 வோல்ட் காட்டும். இரண்டு கருவிகளும் பழுதற்றவை. இரண்டும் தம் முனைகளில் அப்போது உள்ள மின்னழுத்தத்தைச் சரியாகவே காட்டுகின்றன. ஆனால் அளக்கச் சென்ற கருவியே மின்னழுத்தத்தை மாற்றிவிட்டது. தெவெனின் தடை தெரிந்தால் உண்மை மதிப்பை மீட்டெடுக்கலாம்.

மின்வழங்கல் அமைப்புகளில் பழுது மின்னோட்டம்

மின்வழங்கல் வலையமைப்பின் ஓர் இடத்தில் குறுக்குச் சுற்று நேர்ந்தால் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்பதை முன்கூட்டியே அறிய, அவ்விடத்திலிருந்து நோக்கும்போது முழு வலையமைப்பின் தெவெனின் சமானம் காணப்படுகின்றது. 500 கிலோவோல்ட்-ஆம்பியர் திறனும் 433 வோல்ட் வெளியீடும் 4 விழுக்காடு மின்னெதிர்ப்பும் கொண்ட மூன்று கட்ட மின்மாற்றி ஒன்றைக் கொள்வோம். அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 667 ஆம்பியர். அதன் வெளியீட்டு முனைகளில் மூன்று கட்டங்களும் குறுக்குச் சுற்றாகும்போது, முன்னுள்ள வலையமைப்பின் மின்னெதிர்ப்பைப் புறக்கணித்தால், ஏறத்தாழ 16,700 ஆம்பியர் பாயும். அங்கு பொருத்தப்படும் சுற்று முறிப்பான் இம்மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆற்றல் உடையதாக இருக்க வேண்டும். 667 ஆம்பியரை மட்டும் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்ட முறிப்பான், பழுது ஏற்படும்போது தானே வெடித்துச் சிதறக்கூடும்.

பெருமத் திறன் மாற்றம்

சுமைத் தடை தெவெனின் தடைக்குச் சமமாக உள்ளபோதே சுமை பெறும் திறன் பெருமமாகும். முதல் எடுத்துக்காட்டில் 4 கிலோஓம் சுமை ஏனைய இரண்டையும்விடக் கூடுதல் திறன் பெறுவது இதனாலேயே. அலைவாங்கியிலிருந்து வானொலிப் பெறுவிக்குக் குறிகையைச் செலுத்துதல் போன்றவற்றில் இந்நிலை விரும்பப்படுகின்றது. மின்வழங்கலில் இது விரும்பப்படுவதில்லை. அங்கு திறன் இழப்பைக் குறைப்பதே நோக்கம் ஆதலால், மூலத்தின் தடை சுமைத் தடையைவிட மிகச் சிறியதாக வைக்கப்படுகின்றது.

வரலாறு

இத்தேற்றம் முதலில் தோன்றியது மின்பொறியியலில் அன்று. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853 ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியராக இருந்தார். விலங்குகளின் தசைகளில் தோன்றும் மின்னோட்டம் அக்காலத்தில் பெரிதும் ஆராயப்பட்டு வந்தது. தசையின் உள்ளே மின்னியக்கு விசைகள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை நேரடியாகக் காண வழியில்லை. மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளைத் தொட்டு அளக்க மட்டுமே முடிந்தது. இச்சிக்கலை ஆராய்ந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், கடத்தி ஒன்றின் உள்ளே மூலங்கள் எவ்வாறு அமைந்திருப்பினும், இரு புள்ளிகளில் இணைக்கப்படும் வெளிச்சுற்றைப் பொறுத்தமட்டில் அதனை ஒரு மின்னியக்கு விசையும் ஒரு மின்தடையும் கொண்டு பதிலீடு செய்யலாம் என்று காட்டினார்.

தெவெனின் 1857 ஆம் ஆண்டு மார்ச் 30 அன்று பிரான்சின் மோ நகரில் பிறந்தார். பாரிசிலுள்ள ஏகோல் பொலிடெக்னிக்கில் பயின்ற அவர், 1878 இல் தந்திப் பொறியாளர் பணியில் சேர்ந்து, நெடுந்தொலைவு நிலத்தடித் தந்தித் தடங்களை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் தந்திப் பொறியாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பையும் ஏற்றார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வை அறியாமலே, 1883 இல் தம் தேற்றத்தை வெளியிட்டார். அவர் 1926 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 அன்று பாரிசில் காலமானார்.

அதே 1926 ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில் மின்னோட்ட மூல வடிவம் இருவரால் தனித்தனியே எழுதப்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய எட்வர்ட் லோரி நார்ட்டன் அதனை ஓர் உள்ளக அறிக்கையில் குறிப்பிட்டார். செருமனியின் சீமென்சு நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மாயர் அதனை ஆய்விதழில் வெளியிட்டார். இதனால் ஐரோப்பாவில் இது மாயர்-நார்ட்டன் தேற்றம் எனவும் வழங்கப்படுகின்றது. 1939 ஆம் ஆண்டில் செருமனியின் போர்த் தொழில்நுட்ப மறைச்செய்திகளைப் பெயர் குறிப்பிடாமல் பிரித்தானியருக்கு அனுப்பி, ஒசுலோ அறிக்கை என்று பின்னர் அறியப்பட்ட ஆவணத்தை எழுதியவரும் இந்த மாயரே ஆவார்.

இவற்றையும் பார்க்க

ஓம் விதி
கிர்க்காஃப் விதிகள்
நார்ட்டன் தேற்றம்
மேற்பொருந்துதல் தத்துவம்
வீட்ஸ்டன் சமனச்சுற்று
பெருமத் திறன் மாற்றத் தேற்றம்